இருபத்திரண்டு படிகளுக்கு ஒரு குச்சி

எங்கள் வாசிப்பு வட்டத்தில் எட்டுப் பேர். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கோவில்பட்டியில் ஒரு டியூஷன் சென்டரின் மாடியில் கூடுவோம். எல்லாரும் ஒரே புத்தகத்தைப் படித்துவிட்டு வர வேண்டும்; ஒருவர் பேசித் தொடங்கிவைக்க வேண்டும். அந்த மாதம் என் முறை. புத்தகம், இத்தாலியிலிருந்து தமிழுக்கு வந்த ஒரு துப்பறியும் நாவல்.

கதை இதுதான். மலைமேல் ஒரு சிற்றூர். சுற்றிலும் மழை பொய்த்துக் காய்ந்துபோன கோதுமை வயல்கள். பெரிய பண்ணைக்காரர் ஒருவர் தன் வீட்டு நிலவறையில் செத்துக் கிடக்கிறார். அவரைத் தேடி முதலில் இறங்கியவள் அவருடைய அண்ணன் மகள். கரண்ட் இல்லை. ஒரு தீக்குச்சியைக் கிழித்துக்கொண்டு இருபத்திரண்டு படி இறங்குகிறாள். உடலுக்குப் பக்கத்தில் கிடந்த கைக்குட்டையில் தைத்திருந்த எழுத்துகளை அந்த வெளிச்சத்திலேயே படித்துவிடுகிறாள். அவை ஊர் வக்கீலின் பெயரெழுத்துகள். அவள் மேலே போய் ஆட்களைக் கூட்டி வருவதற்குள் கைக்குட்டை மாயமாகிவிட்டது. ஆக, அதைப் பார்த்தவள் அவள் ஒருத்திதான். இன்ஸ்பெக்டர் அவளை நம்புகிறார். வக்கீல் ஜெயிலுக்குப் போகிறார்.

அந்த இன்ஸ்பெக்டரை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. எதற்கும் சத்தம் போடாத மனிதர். அவருடைய பொறுமையைப் பற்றி அரை மணி நேரம் பேசினேன். நன்றாகவே பேசினேன் என்று நினைக்கிறேன். முடித்து உட்கார்ந்ததும், எதிரில் இருந்த அண்ணாச்சி தொண்டையைச் செருமினார். அவர் ஊருக்கு வெளியே தீப்பெட்டி ஆலை நடத்துபவர். கூட்டத்தில் அதிகம் பேச மாட்டார். "நல்லாருக்கு" என்பார், அல்லது "சவ்வா இழுக்காவ" என்பார். அவ்வளவுதான் அவருடைய விமர்சனம்.

"டீச்சர், ஒரு சந்தேகம். அந்தப் பிள்ள எத்தன குச்சி கிழிச்சா?"

"ஒண்ணுதான் அண்ணாச்சி."

"அப்பம் அவ பொய் சொல்லுதா."

சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்து ஒரு குச்சியைக் கிழித்தார். "எண்ணுங்க" என்றார். எண்ணினோம். பதினாறில் விரலை உதறினார்.

"இது சும்மா உக்காந்திருக்கையில. நடந்தா காத்துக்கு இன்னும் சீக்கிரம் போயிரும். இதுல இருபத்திரண்டு படி எறங்கி, குனிஞ்சு எழுத்து வேற படிச்சாளாக்கும். அவ முன்னாலயே விளக்கோட போயிருக்கா. கொன்னது அவதான். எழுதுனவரு அத நமக்குச் சொல்லாம ஒளிச்சு வச்சிருக்காரு."

எரிதலைப் பற்றி வருடா வருடம் பாடம் நடத்துகிறவள் நான். அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்திருந்தேன். குச்சியைப் பற்றி ஒரு கணம்கூட யோசிக்கவில்லை.

அடுத்துப் பேசியவர் கழுகுமலைப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வரும் அக்கா. உளுந்தும் மக்காச்சோளமும் போடுகிறவர். படிக்கிற கதையைக் களை எடுக்கும்போது கூட இருக்கிற பெண்களுக்குச் சொல்லிக்கொண்டே போவார். இத்தாலியப் பெயர்கள் அவர்கள் வாயில் நுழையாது என்பதால் வக்கீல், இன்ஸ்பெக்டர், அண்ணன் மகள் என்றே சொல்லியிருக்கிறார்.

"எங்க ஆளுகளுக்குக் குச்சிக் கணக்கெல்லாம் வேண்டாம் டீச்சர்" என்றார். "சித்தப்பா செத்துக் கெடக்காரு. பாத்தவ கத்திக்கிட்டுல்லா ஓடியாரணும். கீழ கெடக்குற துணியில என்ன எழுதிருக்குன்னு படிச்சுக்கிட்டா நிப்பா? இத அவளுவ பாதிக் கதையிலயே கேட்டுட்டாளுவ."

அதன்பிறகு இன்ஸ்பெக்டர் பக்கம் என்னைத் தவிர யாரும் இல்லை. தப்பான ஆளைப் பிடித்துவிட்டு நிம்மதியாக ஊரைவிட்டுப் போன மனிதர் என்று எல்லாரும் அவரைக் கேலி செய்தார்கள். வீட்டுக்கு வந்தும் எனக்கு ஆறவில்லை. புத்தகத்தின் பின்பக்கத்தில் மொழிபெயர்ப்பாளரின் மின்னஞ்சல் இருந்தது. இத்தாலியில் பல வருடம் வேலை பார்த்துத் திரும்பியவர் என்றும் போட்டிருந்தது. நடந்ததை எல்லாம் எழுதி, அந்தப் பெண் பொய் சொல்கிறாளா என்று அவரிடமே கேட்டேன்.

மூன்றாம் நாள் பதில் வந்தது. தவறு தன்னுடையது என்று எழுதியிருந்தார். மூலத்தில் இருப்பது மரக்குச்சி இல்லை. மெழுகில் தோய்த்த தாளைச் சுருட்டிச் செய்த குச்சி; அதிக நேரம் நின்று எரியும். அங்கே அதற்கென்றே தனிச் சொல் உண்டு. 'மெழுகுத் தீக்குச்சி' என்று போட்டால் தமிழ் வாசகர் அந்த இடத்தில் தடுக்கி நிற்பாரே என்று வெறும் 'தீக்குச்சி' ஆக்கிவிட்டாராம். கடைசி வரி எனக்கு இன்னும் மனப்பாடம்: 'கோவில்பட்டியில் படிப்பார்கள் என்பது என் நினைவில் இல்லாமல் போயிற்று.'

உடனே அண்ணாச்சிக்குப் போன் செய்தேன். மெழுகுக் குச்சி என்று சொன்னேன்.

"அத மொதல்லயே சொல்லக் கூடாதா? நம்ம பக்கத்துலயே செஞ்சு வெளிநாட்டுக்கு அனுப்புதாவளே. வாரப்ப ஒரு பெட்டி கொண்டாரேன்."

அடுத்த மாதம் கொண்டுவந்தார். வழக்கமான குச்சியைவிட மெலிந்து, வெள்ளையாக, பிறந்தநாள் மெழுகுவர்த்திக்குத் தங்கை போல இருந்தது. அன்றைய புத்தகத்தை யாரும் தொடவில்லை. டியூஷன் சென்டரின் மாடிப்படியில் சோதித்துப் பார்ப்பது என்று முடிவானது. இன்ஸ்பெக்டருக்காகப் பேசியவள் நான் என்பதால் நான்தான் இறங்க வேண்டுமாம். அக்கா ஒரு தாளில் ஏதோ எழுதி எடுத்துக்கொண்டு முன்னால் இறங்கிப் போய், கடைசிப் படிக்குக் கீழே வைத்துவிட்டு அங்கேயே நின்றுகொண்டார். தெருக் கதவையும் சாத்தினார்கள். காலை பத்தரை மணிக்கே படிக்கட்டு இருட்டிவிட்டது.

குச்சியைக் கிழித்துக் கையால் மறைத்துக்கொண்டு இறங்கினேன். மேலே அண்ணாச்சி சத்தமாக எண்ணிக்கொண்டிருந்தார். எங்கள் படி பதினெட்டுதான். கணக்குக்காக நடுவில் திரும்புமிடத்தில் நாலு அடி கூடுதலாக நடந்தேன். பாதியில் சுடர் சாய்ந்தது. நின்றேன். நிமிர்ந்தது. கீழே போய்ச் சேர்ந்தபோது விரலுக்கு மேல் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. குனிந்து தாளைப் படித்தேன்.

'அவதான் கொன்னா.'

எனக்கு வந்த சிரிப்பிலேயே குச்சி அணைந்துவிட்டது.

"படிச்சிட்டீங்களா டீச்சர்?" என்று மேலிருந்து கேட்டார் அண்ணாச்சி.

"படிச்சிட்டேன். அந்தப் பிள்ள பொய் சொல்லல, அண்ணாச்சி."

"குச்சி விசயத்துல சொல்லல" என்று இருட்டுக்குள் பக்கத்தில் நின்ற அக்கா திருத்தினார். "அவ ஏன் நின்னு படிச்சாங்கிறதுக்கு இன்னும் பதில் வரல."

அன்று அண்ணாச்சி தன் தீர்ப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். மற்றவர்கள் ஆளுக்கொரு பக்கம் பிரிந்தார்கள். மொழிபெயர்ப்பாளருக்குச் சோதனையின் முடிவை எழுதினேன்; அக்காவின் கேள்வியையும் சேர்த்தே எழுதினேன். அடுத்த பதிப்பில் குச்சியைச் சரிசெய்துவிடுவதாகப் பதில் எழுதினார். களை எடுக்கும் பெண்களின் கேள்விக்கு மட்டும் தன்னிடம் பதில் இல்லை, மூலத்திலும் இல்லை என்றார்.

அதை அக்காவிடம் போனில் படித்துக் காட்டினேன். அவர் அப்போது காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தார். போனை வாயிலிருந்து விலக்கி, கூட இருந்தவர்களிடம் அதை அப்படியே சொன்னார். அந்தப் பக்கம் நாலைந்து பெண்கள் சிரிப்பது கேட்டது.