உட்கார வைக்கும் பாட்டு

பியோன் சாங்-ஹோ டிரம் வாசித்த காலத்தில் அவரை யாரும் பார்த்ததில்லை. பாடகி மறைத்துக்கொண்டு நின்றாள். பிறகு அவரே பாட்டெழுதி, கேசட் தயாரித்தார்; சியோல் முதல் பூசான் வரை நெடுஞ்சாலைக் கடைகளிலெல்லாம் அவர் பாட்டு அலறியது. அப்போதும் யாரும் பார்த்ததில்லை. அட்டைப் படத்தில் பாடகி நின்றாள்.

இருபது வயதில் அமெரிக்கப் படைமுகாம் கிளப்புகளில் அடிக்கத் தொடங்கியவர். முகாம்கள் மூடப்பட, நடன விடுதிகளுக்கு வந்தார். அங்கே ஆளில்லாமல் தானே அடிக்கும் மின்தாளப் பெட்டி வந்து சேர்ந்தது. அது சோஜு குடிக்காது, மேடைக்குத் தாமதமாக வராது. மற்ற டிரம்காரர்கள் அதைத் திட்டினார்கள். பியோன் ஒன்று வாங்கினார். மூச்சுவிட இடமில்லாமல் ஒன்றோடொன்று ஒட்டிய துள்ளல் பாட்டுகளாகத் தயாரித்துத் தள்ளினார். சொந்தத் தொழிலிலேயே மண் போட்டவன் என்றார்கள் பழைய கூட்டாளிகள். அவர் மறுக்கவில்லை. மறுக்கவும் தெம்பு வேண்டுமே.

இந்தப் பாட்டுகளுக்கு ஒரே பரீட்சை, சுற்றுலாப் பேருந்துதான். மலை பார்க்கக் கிளம்பும் எங்கள் அக்காமார் மலையைப் பார்ப்பதில்லை. திரைச்சீலையை இழுத்துவிட்டு, ஓடுகிற வண்டியில் சீட்டுகளுக்கு நடுவே ஆடுவார்கள். அது சட்டப்படி குற்றம் என்பது அவர்களுக்கும் தெரியும், போலீசுக்கும் தெரியும். ஆட்டம் நின்றால் பாட்டு செத்தது. புதுப் பாட்டைப் பியோன் முதலில் போட்டுப் பார்ப்பது ஓட்டுநர் யோமின் வண்டியில்; அவர் தலையசைக்காத எதுவும் கேசட்டில் ஏறாது.

பியோனின் மணிக்கட்டு வீங்கத் தொடங்கியது. இனிக் குச்சி பிடிப்பது கொஞ்ச நாள்தான் என்றார் மருத்துவர். அதற்குள் தாளப் பெட்டியை ஓரங்கட்டிவிட்டு, ஒரே ஒரு மெதுவான பாட்டுக்குத் தானே அடித்துப் பதிவு செய்தார். தன் கை அடித்த ஒரு பாட்டாவது வெளியே போகவேண்டும். யோமின் வண்டியில் முன்சீட்டில் அவரும் ஏறிக்கொண்டார்.

பாட்டு தொடங்கியதும் தூக்கிய கைகள் அப்படியே நின்றன.

"யோம் தம்பி, யாரு செத்தது?"

"கிம்பாப் இன்னும் தொண்டையில இருக்கு, அதுக்குள்ள தாலாட்டா?"

ஒவ்வொருத்தியாக உட்கார்ந்தாள். பியோன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த நிறுத்தத்தில் யோம் காப்பிக் கோப்பையோடு வந்தார். "வாத்தியாரே, இது கேசட்டுக்கு ஆகாது."

"பாத்தேனே."

"என்னத்தப் பாத்தீங்க? டோல்கேட்டுல போலீஸ் நிக்கும். நான் தொண்டை கிழியக் கத்துனாலும் ஒருத்தி உட்காரமாட்டா. இன்னிக்கு நான் வாயே திறக்கல! ரெண்டு பக்கமும் இந்த ஒரே பாட்டப் போட்டு எனக்குத் தனியா ஒண்ணு குடுங்க."

"சனங்கள எழுப்பத்தான்யா நான் காலமெல்லாம் அடிச்சேன்."

"அதுங்கதான் எந்திரிச்சாச்சே. உட்கார வைக்க ஆள் வேணாமா?"

பியோன் கொடுத்தார். மற்ற ஓட்டுநர்களும் கேட்டு வாங்கினார்கள். அவர் தயாரித்தவற்றில் கடைக்கே வராமல் எல்லா வண்டியிலும் ஓடியது இது ஒன்றுதான்.

கையில் கட்டோடு மறுபடி ஒருநாள் யோமின் வண்டியில் போனார். டோல்கேட் தெரிந்ததும் கேசட் மாறியது. எல்லாரும் முணுமுணுத்தபடி உட்கார்ந்தார்கள். பக்கத்து சீட்டு அக்கா காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே சொன்னாள்: "அடிக்கிறவரு ரொம்பக் களைச்சுட்டாரு போல."

"ஆமாக்கா."

வழக்கமாக டோல்கேட் தாண்டியதும், கடைசி வரிக்கு முன்பே யோம் கேசட்டைப் பிடுங்கிவிடுவார். பியோன் மணிக்கட்டில் மிச்சமிருந்த உயிரையெல்லாம் கொட்டி அடித்த இடம் அந்தக் கடைசியில்தான் இருந்தது. அன்றைக்கு டோல்கேட் வரை கண்ணுக்கெட்டிய தூரம் வண்டிகள் தேங்கி நின்றன; யோமின் கை கேசட் பக்கம் போகவில்லை. பேருந்தில் எல்லாரும் நெரிசலைத் திட்டினார்கள், பியோனைத் தவிர.