கால் ஊணாம ஒரு எட்டு

எண்பது கிலோமீட்டர் வேகத்துல பறக்கிறதுக்கு யாரும் யார்கிட்டயும் கத்துக்க வர்றதில்ல; அஞ்சுல ஊர்ந்து போறதுக்குத்தான் என்னைத் தேடி வர்றாங்க. செங்கல்பட்டுல பதினோரு வருஷமா டூவீலர் ஓட்டக் கத்துக் கொடுக்கிறேன். லைசென்ஸ் டெஸ்ட்டுல "எட்டு போடுங்க"ன்னு சொன்னப்ப அப்படியே வீட்டுக்கு ஓடிடலாமான்னு தோணுச்சா? அப்போ நீங்க நம்ம ஆளு, பக்கத்துல வந்து உக்காருங்க. ரெண்டு வளைவையும் மெதுவா சுத்தி, கால் தரையில படாம வந்து நிக்கணும். பட்டா பெயில். அவ்ளோதான் விஷயம். அந்த அவ்ளோதானுக்குள்ள ஒருத்தங்க பொழப்பே மாட்டிக்கிட்டு நின்னதைச் சொல்றேன்.

சுண்ணாம்புக் கோடு

நான் சொல்லித் தர்ற இடம் திருக்கழுக்குன்றம் ரோட்டோரம் ஒரு மனைப்பிரிவு. கல்லு நட்டு வருஷக்கணக்காச்சு, வீடு ஒண்ணுகூட எழும்பல. எனக்கு அது வசதி. தரையில சுண்ணாம்புத் தூளால பெருசா ஒரு எட்டு போட்டு வெச்சிருப்பேன். அங்க வந்தவங்கதான் புதுப்பட்டினம் கஸ்தூரி அக்கா. வயசு நாப்பத்தாறு, என்னைவிடப் பன்னெண்டு வயசு மூத்தவங்க. ஒரு கிளினிக்குல இருபது வருஷம் ரத்தம் எடுக்கிற வேலை பார்த்தாங்க. டாக்டர் கிளினிக்கை மூடிட்டு ஊருக்குப் போயிட்டாரு. இப்ப ஒரு லேப்ல வேலை தர்றதாச் சொல்லியிருந்தாங்க. விடிஞ்சதும் கல்பாக்கத்துலேர்ந்து மாமல்லபுரம் வரைக்கும் வீடு வீடாப் போய் ரத்தம் எடுத்து வரணும். லேப்ல தர்றது கியர் வண்டி. மாசக் கடைசிக்குள்ள லைசென்ஸைக் காட்டணும், இல்லேன்னா வேற ஆளைப் போட்டுக்குவாங்க. வீட்டுல சம்பாதிக்கிறது அக்கா ஒருத்தர்தான்.

ரோட்டுல நேரா நல்லாத்தான் ஓட்டுவாங்க. சுண்ணாம்புக் கோட்டுமேல ஏறினா போச்சு! குனிஞ்சு கோட்டையே பார்ப்பாங்க, முன்சக்கரத்தையே பார்ப்பாங்க, வண்டி அங்கயே சாயும், கால் தரைக்கு வந்துடும். முதல் டெஸ்ட்டும் அப்படியே போச்சு. எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி. "கீழ என்னக்கா புதையலா இருக்கு? எதிர்ல பாருங்க, எதிர்ல!"ன்னு ஆறு வாரமா தொண்டைத் தண்ணி வத்தக் கத்தினேன். ஒருநாள் அக்கா வண்டியை நிமிர்த்தி நிறுத்தி, துப்பட்டாவை இறுக்கிக் கட்டிக்கிட்டு என்னைப் பார்த்தாங்க.

"கோட்டயும் போட்டு வெச்சிகினு, கோட்ட பாக்காதன்னா இன்னா மிஸ் நாயம்?"

வேலிக்கு இந்தப் பக்கம்

ரெண்டாவது டெஸ்ட். கூட வந்தவங்க எல்லாம் வேலிக்கு வெளியதான் நிக்கணும். அக்கா முதல் வளைவை அழகா எடுத்தாங்க. ரெண்டாவது வளைவுல தலை லேசாத் தாழ்ந்த மாதிரி இருந்துச்சு. லேசாத்தாங்க! வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம். இருந்தேனா? "அக்கா, எதிர்ல!"ன்னு ஒரே கத்து. அவங்க யாரு கூப்பிடறான்னு என் பக்கம் திரும்பினாங்க, வண்டியும் திரும்புச்சு, கால் ஊணிட்டாங்க. இன்ஸ்பெக்டர் பேப்பர்ல கிறுக்கிட்டு அடுத்த பேரைக் கூப்பிட்டாரு.

இனி ஒரே ஒரு டெஸ்ட்தான் பாக்கி, அடுத்த வெள்ளிக்கிழமை. அதுக்கு மறுநாளோட அக்காவோட எல்.எல்.ஆர்., அதான் பழகுறவங்களுக்குத் தர்ற லைசென்ஸ், முடியுது. புதுசா எடுத்தா மறுபடி ஒரு மாசம் காத்திருந்துதான் டெஸ்ட்டுக்கே வர முடியும். லேப் காத்திருக்காது. எல்லாம் என் வாயாலதான் போச்சு. பஸ் ஸ்டாண்டு வர்ற வரைக்கும் அக்கா எனக்கு முன்னாலயே வேகமா நடந்தாங்க. கல்பாக்கம் பஸ்ஸுல ஒரு கால் வெச்சப்புறம்தான் திரும்பினாங்க.

"நான் வுழலே மிஸ். நீ கூப்ட்ட, நான் திரும்புனேன்."

கேளம்பாக்கம் ஹீரோ

அந்த வாரம் பிரவீன்னு ஒரு ஐ.டி. தம்பியும் பழகிட்டு இருந்தான். கேளம்பாக்கத்துல பிளாட்டு, பெரிய வண்டி, முட்டிக்கு ஒரு கவசம், கைக்கு ஒரு உறை. ஈசிஆர்ல நூறுல போவேன்னு பெருமை வேற. "தம்பி, இங்க அஞ்சுல போய்க் காட்டு"ன்னேன். வெயில்னு ஜாக்கெட்டைக் கழட்டி வெச்சுட்டு ஏறினான். முதல் வளைவுலயே தொப்புனு விழுந்தான். முழங்கை தேஞ்சு போச்சு.

கஸ்தூரி அக்கா பையைத் திறந்து பஞ்சும் மருந்தும் எடுத்தாங்க. "கை நரம்பெல்லாம் பொடைச்சிகினு கீது பாரு. இப்டி இறுக்கிப் புடிச்சா வண்டி எப்டிடா திரும்பும்?"னு கேட்டாங்க. "ஸ்பீடா போனா பயமே இல்ல ஆன்ட்டி, மெதுவா போனாத்தான் பயமா இருக்கு"ன்னான். மருந்து வைக்கிற அந்தக் கையைப் பார்த்தேன். ஒரு துளி நடுக்கம் இல்ல. இதே கையா ஹேண்டில்பாரைப் பிடிச்சா உதறுதுன்னு எனக்கு ஆச்சரியம். "ஏங்க்கா, ஊசி போடறப்போ மட்டும் எப்படிக் கை நடுங்காம இருக்கு?"ன்னு கேட்டேன்.

"ஊசியப் பாத்தாத்தான் மிஸ் நடுங்கும். நான் ஊசிய பாக்கவே மாட்டேன். அது போற எடத்தத்தான் பாப்பேன்"னாங்க. சொல்லிட்டு அப்படியே நின்னுட்டாங்க. நானும்தான். அடப்பாவமே, ஆறு வாரமா நான் கத்தினது இதைத்தானே! ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம். அக்காவுக்குச் சிரிப்பு வந்துடுச்சு.

"அட, இத மொதல்லயே ஊசி கணக்கா சொல்லியிருக்கலாம்ல மிஸ்!"

தொடப்பம்

அன்னைக்கே தொடப்பம் எடுத்தேன். பதினோரு வருஷமா நான் போட்டு வெச்ச கோட்டை நானே கூட்டித் தள்ளினேன். பிரவீன் ஒத்தைக் கையால உதவி பண்ணான். வளைவுக்கு ஒண்ணா ரெண்டு செங்கல் மட்டும் வெச்சேன். பாதி கிளட்ச்சுல வண்டியைப் பிடி, ஆக்ஸிலேட்டரை ஒரே அளவுல வை, வேகத்தைப் பின் பிரேக்குல மட்டும் குறை, கண்ணு மட்டும் போகப்போற இடத்துல இருக்கட்டும். இதுதான் பாடம். முதல் நாள் பத்துக்கு மூணு. மறுநாள் ஆறு. வியாழக்கிழமை சாயங்காலம் வரிசையா ஒன்பது எட்டு கால் படாமப் போட்டாங்க. எனக்குச் சந்தோஷம் தாங்கல, பக்கத்துல போய்க் கையைக் கட்டிக்கிட்டு நின்னேன். பத்தாவது எட்டுல கால் தரையில.

தள்ளிப் போய் நின்னேன், சரியாப் போட்டாங்க. கிட்ட வந்தேன், கால் வந்துடுச்சு. மறுபடி தள்ளி, மறுபடி கிட்ட. அப்புறம்தான் உறைச்சுது: கோடு போயிடுச்சு, இப்ப கோட்டுக்குப் பதிலா நான் நிக்கிறேன். நான் எப்ப கத்துவேனோன்னு அவங்க காது என் வாய்மேலயே இருந்திருக்கு. மனசுக்கு ரொம்பக் கஷ்டமாத்தான் இருந்துச்சு, சொல்லித் தர்றவதானே நான்! அக்கா வண்டியை ஆஃப் பண்ணிட்டு, யோசிச்சு யோசிச்சுப் பேசினாங்க.

"நாளைக்கு நீ வா மிஸ். வராம இருந்துடாத. ஆனா பாக்காத, வாயயும் தொறக்காத."

வெள்ளிக்கிழமை

வேலிக்கு எதிர்ல இருந்த டீக்கடை சுவருக்குப் பின்னால போய் நின்னேன். கையில டீ, குடிக்கத் தோணல. உள்ளே இருந்து "கஸ்தூரி!"ன்னு கூப்பிட்டது கேட்டுச்சு. வண்டி ஸ்டார்ட் ஆச்சு. பதினோரு வருஷமா வண்டிச் சத்தத்தோட வாழறவ நான். கண்ணு இல்லாமலேயே தெரியும். முதல் வளைவு, சத்தம் ஒரே சீரா இருந்துச்சு. நடுவுல தாண்டிட்டாங்க. ரெண்டாவது வளைவு. சத்தம் இறங்குச்சு. இன்னும் இறங்குச்சு. ஐயோ, ஆஃப் ஆகப் போகுது! வேலிகிட்ட யாரோ "நாயி! நாயி!"ன்னாங்க. என் வாய் தானாத் திறந்துக்கிச்சு. கையால பொத்தினேன். சூடான டீ புடவையில கொட்டினதுகூட அப்புறம்தான் தெரிஞ்சுது. வண்டி டுப்... டுப்...னு மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருந்துச்சு. அப்புறம் மெல்ல மேல ஏறுச்சு, சுத்துச்சு, நின்னுச்சு. எட்டை முடிச்சு நின்னுச்சா, கால் ஊணி நின்னுச்சா? சத்தத்துல அது மட்டும் தெரியாதுங்க.

அக்கா வெளிய வந்தாங்க. மூஞ்சியில ஒண்ணும் தெரியல. ரெண்டாவது வளைவுல ஒரு நாய் குறுக்க வந்து சாவகாசமா நின்னுச்சாம். கிளட்ச்சைப் பிடிச்சு, பின் பிரேக்கை அமுக்கி, வண்டி நிக்குதா போகுதான்னே தெரியாதபடி வெச்சிருந்து, அது போனதும் மீதியைச் சுத்தியிருக்காங்க. "கால் ஊணியாம்மா?"ன்னு இன்ஸ்பெக்டர் கேட்டாராம். "நீங்க பாத்துகினுதானே சார் இருந்தீங்க?"ன்னு இவங்க. அவரு சிரிச்சுட்டு பாஸ் போட்டுட்டாராம். அதைக் கேட்டதும் நடு ரோட்டுல நின்னு ஓன்னு அழுதேன். அக்கா என் தோளைத் தட்டினாங்க.

"அழுவாத மிஸ். அந்த நாயிகூட வாய தொறக்காம போச்சு, பாரு!"

என் முறை

அடுத்த மாசம் எனக்குக் காய்ச்சல், விட்டு விட்டு வந்துச்சு. ரத்தம் டெஸ்ட் பண்ணணும், வெறும் வயித்துல எடுக்கணும்னாரு டாக்டர். அக்காவுக்குத்தான் போன் போட்டேன். "மாமல்லபுரத்த முடிச்சிகினு நேரா உன் வூட்டுக்கு வரேன் மிஸ்"னாங்க. காலையில எங்க சந்துல கியர் வண்டிச் சத்தம். ஜன்னல்ல பார்த்தேன். ஒரு ஆட்டோ திரும்பவே திணறுற சந்து அது. பின்னால லேப் பெட்டி, தலையில ஹெல்மெட்டு, அக்கா கால் ஊணாம முழுசா ஒரு திருப்பு திருப்பி வாசல்ல நிறுத்தினாங்க.

உங்ககிட்ட ஒண்ணு மறைச்சுட்டேன்: எனக்கு ஊசின்னா உயிரே போயிடும். அக்கா என் கையில ரப்பரைக் கட்டினதும் ஊசியையே உத்துப் பார்த்தேன். கை வெடவெடன்னு ஆடுது. அக்கா நிறுத்திட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாங்க. அடுத்த நிமிஷம் எங்க தெருவே கேக்கிற மாதிரி ஒரு கத்து.

"கீழ இன்னா மிஸ் பொதையலா கீது? எதிர்ல பாரு, எதிர்ல!"

பதினோரு வருஷமா ஊரையே எதிர்ல பார்க்கச் சொல்லிக் கத்தினவ, தன் முறை வந்தப்போ கண்ணை இறுக்க மூடிக்கிட்டேன். டெஸ்ட் எடுத்தவங்க நல்லவங்க, பாஸ் போட்டுட்டாங்க.