எட்டாவது ஆளின் பெயரைச் சொல்லாத டிரெசர் அருளப்பன்

செய்தியைக் காதர்தான் கொண்டுவந்தான். பீச் ஸ்ட்ரீட்டில் நான் வேலை பார்க்கும் கப்பல் கம்பெனிக்குள் அவன் ஒருநாளும் வந்ததில்லை. வந்தவன் என் மேசைக்கு முன்னால் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். காதர் தொப்பியைக் கழற்றியதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "டிரெசரண்ணே போயிட்டாரு, மருதை. காலையில ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப சட்டை போட்டுக்கிட்டிருந்தாராம். அப்படியே உட்கார்ந்துட்டாரு" என்றான். நான் எழுந்து நின்றேன். எழுந்து என்ன செய்வது என்று தெரியாமல் மறுபடியும் உட்கார்ந்தேன்.

டிரெசர் அருளப்பனை இந்த ஊரில் பல பேர் பல விதமாக அறிந்திருப்பார்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் காயங்களுக்குக் கட்டுப்போடும் டிரெசராக இருந்த அவரிடம் தையல் போட்டுக்கொண்டவர்கள் அவருடைய கையை அறிவார்கள். மாதா கோயிலில் அவருக்குப் பக்கத்து வரிசையில் உட்கார்ந்தவர்கள் அவருடைய மூக்குப்பொடித் தும்மலை அறிவார்கள். நாங்கள் அவரை அறிந்தது ரக்பித் திடலில். எங்கள் ஏழு பேர் கோஷ்டிக்கு அவர்தான் மேனேஜர். அந்த ஆட்டத்தைப் பற்றி அவருக்குக் கடைசிவரை அவ்வளவாக ஒன்றும் தெரியாது. பந்தை முன்னால் எறியக் கூடாதென்பது ஏன் என்று என்னிடமே எத்தனையோ முறை கேட்டிருக்கிறார். ஒவ்வொரு முறையும் நான் சொன்ன பதிலைக் கேட்டுவிட்டு, "கிறுக்குப் பயலுங்க ஆட்டம்" என்று முடிப்பார்.

காயத்துக்கு மருந்து போட வந்தவர் அப்படியே எங்களோடு தங்கிவிட்டார். அதற்கு ஒரு காரணம் இருந்தது. கடலோரத் திடலில் ஆண்டுக்கொரு முறை நடக்கும் ஏழு பேர் போட்டியில் மற்ற கோஷ்டிகள் எல்லாம் துரைமார்கள். எங்கள் கோஷ்டி ஒன்றுதான் ஊர்க்காரர்கள் கோஷ்டி. குமாஸ்தா, பிட்டர், கடைப்பிள்ளை என்று கலந்து கிடந்தோம். முதல் முறை ஆடியபோது எங்கள் ஆள் ஒருவன் மூக்கு உடைந்து வெளியே வந்து உட்கார்ந்துவிட்டான். திடலோரத்துத் துரைமார் கிளப் வராந்தாவில் யாரோ எதையோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். என்ன சொன்னார்கள் என்று டிரெசர் எங்களுக்குச் சொல்லவே இல்லை. ஆனால் அன்றிலிருந்து ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தார். ரத்தத்தைத் துடைத்து, கட்டுப்போட்டு, கண் தெளிவாக இருக்கிறதா என்று பார்ப்பார். இருந்தால், "போ உள்ளே" என்பார். அடிபட்டவன் யாரையும் கேட்காமல் திடலுக்குள் ஓடிவிட வேண்டும். எங்கள் கோஷ்டியில் காயம் பட்டவன் திரும்பி வராமல் இருந்ததில்லை.

எங்கள் கோஷ்டி ஆடிய கடைசி ஆட்டத்தை நேரில் பார்த்தவர்கள் இதைப் படிக்கலாம். அவர்களில் சிலர் இன்னும் எங்களைத் திருட்டுக் கோஷ்டி என்று சொல்வதாகக் கேள்வி. அவர்களுக்காகவும் நடந்ததை எழுதுகிறேன்.

முதல் பாதி முடியும் தறுவாயில் சூசைக்குப் புருவம் கிழிந்தது. சூசை கடலுக்கு அக்கரையில் பாகான் டாலாம்காரன். பிறையில் ரயில்வே பட்டறையில் பிட்டர். ஆட்டத்துக்குப் படகேறி வருவான். ரத்தம் கண்ணை மறைக்க, அங்சானா மரங்களுக்குப் பின்னால் டிரெசர் அவனை உட்கார வைத்துத் தைக்க ஆரம்பித்தார். ஏழு பேர் ஆட்டத்தில் இடைவேளை என்பது மூச்சு வாங்கும் நேரம்தான். அந்த நேரத்தில் எதிர்க்கோஷ்டியின் தலைவர், ஒரு தோட்டத்துத் துரை, எங்கள் தலைவன் காதரிடம் வந்தார். "ஆறு பேரை ஜெயித்து எனக்கு என்ன பெருமை? வேறு ஒருவரை இறக்கிக்கொள்ளுங்கள்" என்றார். அடிபட்டவனுக்குப் பதில் ஆள் இறக்க விதியில் இடமில்லை. எதிர்த் தலைவர் சம்மதித்தால் மட்டும் மரியாதைக்காக விடுவார்கள். துரைமார் தங்களுக்குள் அப்படி விட்டுக்கொடுப்பதைப் பார்த்திருக்கிறோம். எங்களிடம் அதுவரை ஒருவரும் வந்து கேட்டதில்லை. காதருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. அன்று ஏழு பேரில் இடம் கிடைக்காமல் கோட்டுக்கு வெளியே நின்ற என்னைக் கையைக் காட்டிக் கூப்பிட்டான். இரண்டாம் பாதிக்கு ஊதலும் ஊதிவிட்டார்கள். நான் கடலோரப் பக்கத்துக்கு ஓடி நின்றுகொண்டேன்.

மரத்துக்குப் பின்னால் இருந்தவருக்கு இதைச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அப்படி ஒரு மரியாதை எங்களுக்குக் கிடைத்துப் பழக்கமே இல்லையே. அங்கே டிரெசர் கடைசித் தையலை அறுத்து, கட்டை இறுக்கி, சூசையின் முகத்துக்கு முன்னால் விரலைக் காட்டி, "எத்தனை?" என்று கேட்டிருக்கிறார். சரியாகச் சொல்லியிருக்கிறான். "போ உள்ளே" என்றிருக்கிறார். அவனும் வழக்கப்படி ஓடி வந்தான். அவன் வந்ததைப் பார்த்த எங்கள் ஆட்களுக்கு அதில் எதுவும் விநோதமாகப் படவில்லை. சூசை திரும்பி வருவான் என்பது அவர்களுக்குத் தெரிந்த விஷயம். நான் தூரத்தில் ஓரத்தில் நின்றேன். காதர் பந்துக்காக இரு பக்கத்தாரும் முட்டும் கும்பலுக்குள் தலையைக் குனிந்துகொண்டிருந்தான்.

பந்து அந்தக் கும்பலுக்குள்ளிருந்து ஒரு கைக்கு வந்தது. அந்தக் கை அதை எனக்கு எறிந்தது. அப்படி ஒரு எறிதல் எனக்கு அதற்கு முன் வந்ததில்லை. வாங்கிக்கொண்டு ஓடினேன். எதிர்ப்பக்கத்துக் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைத்தேன். ஜெயித்துவிட்டோம். முதுகில் ஒரு அறை விழுந்தது. திரும்பினால், தலையில் கட்டோடு சூசை பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கிறான். நானும் சிரித்தேன். பிறகு அவனையே பார்த்தேன், அவனும் என்னைப் பார்த்தான். "நீ எப்படிடா இங்க?" என்று கேட்டான். கிளப் வராந்தாவில் அதற்குள் ஒருவர் விரலை நீட்டி எங்களை உரக்க எண்ண ஆரம்பித்துவிட்டார்.

விசாரணை அன்று மாலையே நடந்தது. வராந்தாவில் போட்டிக் கமிட்டி உட்கார்ந்திருந்தது. நாங்கள் கீழே புல்தரையில் நின்றோம். ஆட்டம் செல்லாது என்றார்கள், அது நியாயம். அதற்கு மேல் ஒன்று சொன்னார்கள். எட்டாவதாக நின்றவன் யார் என்று ஒரு பெயரைக் கொடுங்கள், அவனை மட்டும் விலக்கி வைக்கிறோம், உங்கள் கோஷ்டி வரும் ஆண்டும் ஆடலாம். இல்லையென்றால் கோஷ்டிக்கே அழைப்பு கிடையாது. தாராள மனதோடுதான் சொன்னார்கள். அதுதான் எங்களைக் கொன்றது.

டிரெசர் மூக்குப்பொடி டப்பியை மூடிச் சட்டைப்பையில் வைத்தார். "என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்" என்று அவருடைய ஆஸ்பத்திரி இங்கிலீஷில் சொன்னார். மேனேஜர் திடலுக்குள் நிற்கவில்லை, நின்றவன் பெயர் வேண்டும் என்றார்கள். "நின்றது எட்டுப் பேர். எட்டாவது என்று தனியாக ஒருவன் அதில் இல்லை" என்றார். மறுபடி கேட்டார்கள். மறுபடி அதையே சொன்னார். கமிட்டியில் ஒருவர் பொறுமையிழந்து, "பொறுப்பு என்று யாருக்காவது இருந்துதானே ஆக வேண்டும்?" என்றார். டிரெசர் அவரைப் பார்த்து, "நானும் அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன், ஐயா" என்றார். எங்கள் கோஷ்டியின் ஆட்டம் அதோடு முடிந்தது.

திடலை விட்டு வரும்போது காதர் அவரை வழிமறித்தான். "என் பேரைக் கொடுத்திருக்கலாமே அண்ணே. ஆளை இறக்குனது நான்தானே."

"அந்தத் துரை மரியாதைக்குக் கேட்டாரு. நீ மரியாதைக்கு வாங்கிக்கிட்ட. அது குத்தமா?"

"அப்ப சூசை பேரு."

"அவனைப் போன்னு சொன்னவன் நான்."

நான் வாயைத் திறக்குமுன் என் பக்கம் திரும்பினார். "நீ அனுமதியோட போனவன். அவன் வழக்கப்படி வந்தவன். அவன் எறிஞ்சான், நீ கொண்டுபோய் வச்ச. இதுல யாரைப் பிரிச்சு அதிகம்னு சொல்லச் சொல்ற?" என்றார். அவருக்குக் கோபம் வந்தால் காது சிவக்கும். அன்று சிவக்கவில்லை. முகம் வெளுத்துப்போயிருந்தது.

எங்களில் சிலருக்கு அவர்மேல் கோபம் இருந்தது, அதை மறைப்பானேன். ஒரு பெயர்தானே, கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம் என்று கடைகளில் பேசினோம். எனக்கும் சில நாள் அப்படித் தோன்றியது. யார் பெயர் என்று யோசிக்கத் தொடங்கினால் மட்டும் பேச்சு நின்றுவிடும்.

சூசை இந்தப் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டான். தன்னால்தான் எல்லாம் போயிற்று என்று அவன் தன்னையே வைதுகொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டு, டிரெசர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து என்னையும் இழுத்துக்கொண்டு பாகான் டாலாமுக்குப் போனார். சூசையின் மனைவி வாசலுக்கு வந்து, அவர் பிறைக்குப் போயிருக்கிறார் என்றாள். அவன் வெளியே போட்டுப்போகும் சப்பாத்து வாசலிலேயே கிடந்தது. டிரெசர் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் பெஞ்சியில் உட்கார்ந்து, அவள் கொடுத்த கோப்பியை நிதானமாகக் குடித்தார். பிறகு உள்ளே கேட்கும்படி, "ஒண்ணுமில்லம்மா, தையல் சரியா சேர்ந்திருக்கான்னு பார்க்க வந்தேன். சீழ் வச்சா ஆஸ்பத்திரியில என்னைத்தான் கேப்பாங்க" என்றார். சிறிது நேரத்தில் சூசை தலையைக் குனிந்தபடி வெளியே வந்தான். அவன் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். "நல்லா சேர்ந்திருக்கு" என்றார். அவ்வளவுதான். ஆட்டத்தைப் பற்றி இருவரும் பேசவில்லை. திரும்பும் படகில், "அவனுக்கு என்ன ஆறுதல் சொல்றதுன்னு எனக்குத் தெரியல, மருதை. அதான் காயத்தைப் பார்த்துட்டு வந்தேன்" என்றார். அதன்பின் அந்தக் காயம் ஆறி எவ்வளவோ காலமான பிறகும் தையலைப் பார்க்கப் போய்க்கொண்டுதான் இருந்தார்.

அந்தத் தோட்டத்துத் துரையும் ஒருமுறை காய்ச்சலோடு அவருடைய வார்டுக்கு வந்து சேர்ந்தார். நடுங்கிக்கொண்டே, "நான் அந்த ஆளை இறக்கச் சொல்லியிருக்கவே கூடாது" என்று மன்னிப்புக் கேட்டாராம். "நல்லது செஞ்சதுக்கு ஒருத்தர் மன்னிப்புக் கேட்டா, நான் என்னன்னு பதில் சொல்றது? கொயினா மருந்தைக் கொடுத்துத் தூங்கச் சொன்னேன்" என்று டிரெசர் எங்களிடம் சொல்லிச் சிரித்தார். அடிபட்டவன் திரும்பி வர வேண்டும் என்ற வழக்கத்தை ஏற்படுத்தியவர் அவர். அது அவரை விடவில்லை. அந்த வழக்கம் இல்லாதிருந்தால் எங்களை முதல் ஆண்டே சிரித்துத் துரத்தியிருப்பார்கள் என்று நான் வாதாடுவேன். "அதுவும் சரிதான்" என்பார். ஒப்புக்கொள்வார், ஆனால் சமாதானம் ஆகமாட்டார். அவருக்காக என்னால் ஒன்றும் செய்ய முடிந்ததில்லை.

போன மாதம் அவரைக் கடைசியாகப் பார்த்தேன். சந்தைக்குப் போய்விட்டு இரண்டு கையிலும் மீனோடு வந்தார். இளைத்திருந்தார். விசாரித்ததற்கு, வயசு என்றார். கிளம்பும்போது நின்று, "யார் அதிகம்னு இன்னும் யோசிக்கிறியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "நானும்தான்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அடக்கத்துக்கு, அன்று திடலில் நின்ற எட்டுப் பேரும் வந்திருந்தோம். சொல்லிவைத்து வரவில்லை. சூசை பாகான் டாலாமிலிருந்து முதல் படகிலேயே வந்து கோயில் வாசலில் நின்றிருக்கிறான். கல்லறைத் தோட்டத்து வாசலில் வண்டியிலிருந்து பெட்டியை இறக்கியபோது நாங்கள் தோள் கொடுத்தோம். உள்ளே பாதை ஒடுக்கம். இரண்டு பக்கமும் கல்லறைகள். முன்னால் நடந்த கோயில்பிள்ளை திரும்பிப் பார்த்து, "ஆறு பேர் போதுமுங்க. ஆள் அதிகமா இருக்கு, இடிக்குது. யாராவது விட்டுடுங்க" என்றார்.

ஒருவரும் விடவில்லை. அவர் இன்னொரு முறை சொல்லிப் பார்த்தார். காதர் எனக்குப் பின்னால் மூச்சு வாங்குவது கேட்டது. எனக்கு முன்னால் சூசை. அழுகையை அடக்கி அடக்கி அவன் தோள் குலுங்கியது பெட்டி வழியாக என் தோளுக்கு வந்தது. கால்கள் ஒன்றையொன்று மிதித்தன. கல்லறைக் கற்களில் முழங்கை உரசித் தோல் போயிற்று. அப்படியே கொண்டுபோய்ச் சேர்த்தோம்.

பொறுப்பு யாருடையது என்று அவருக்குக் கடைசிவரை தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை, இனித் தெரியப்போவதும் இல்லை. தெரியாததை ஒருவன் தலையில் கட்டிவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்க அவரால் முடியவில்லை. அந்தத் தூக்கமின்மையைத்தான் நான் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். என் முழங்கையில் தோல் உரிந்த இடம் இன்னும் எரிகிறது. பார்த்து மருந்து போடத்தான் ஆள் இல்லை.