எண்ணிக்கை சரியாக இருந்தது

மலேசியா போய் வந்ததிலிருந்து எங்கள் சொந்தக்காரர் வீடுகளில் ஒரு கதைக்கு நல்ல கிராக்கி. காதுகுத்தோ, புது வீட்டுப் பால்காய்ச்சலோ, சாப்பாடு முடிந்து இலை எடுத்ததும் யாராவது ஆரம்பித்துவிடுவார்கள். "டீச்சரம்மா பஸ் மாறிப் போன கதையச் சொல்லுங்க." சொல்வது நானல்ல, என் கணவர். நான் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பேன். அவர் சொல்லும் கதையில் பத்தே நிமிடத்தில் என்னைக் கண்டுபிடித்துவிடுவார். நடந்தது வேறு. அதை நான் இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. சில இடங்கள் எனக்கே இன்னும் பிடிபடவில்லை என்பதும் ஒரு காரணம்.

நான் திண்டுக்கல்லில் ஒரு பள்ளியில் முப்பது வருடத்துக்கு மேல் பூகோளம் நடத்தியவள். சுவரில் தொங்கும் உலகப் படத்தில் மலாக்கா ஜலசந்தி எங்கே இருக்கிறது என்று படத்தைப் பார்க்காமலே தொட்டுக் காட்டுவேன். ஆனால் ஓய்வு பெறும் வரை கடல் தாண்டியதில்லை. கணவருக்குப் பழனி ரோட்டில் மோட்டார் பம்பு ரிப்பேர் கடை. எந்தத் தோட்டத்துக் கிணற்றில் மோட்டார் நின்றாலும் ஓட வேண்டிய தொழில். சேர்ந்தாற்போல் மூன்று நாள் கடையைச் சாத்தியதாக எனக்கு நினைவில்லை. நான் ஓய்வு பெற்ற மறுமாதம் அவராகவே ஐந்து நாள் சுற்றுலாவுக்கு இரண்டு பேருக்குப் பதிந்துவிட்டு வந்து நின்றார்.

"படத்துலயே பாத்துக்கிட்டு இருந்தா எப்படி? நேர்ல போயிப் பாத்துட்டு வருவோம்" என்றார்.

திருச்சியில் விமானம் ஏறினோம். எங்கள் குழுவில் முப்பத்தெட்டுப் பேர். திண்டுக்கல் டவுன்காரர்கள் பாதி, சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் பாதி. விமான நிலையத்திலேயே எல்லார் தலையிலும் ஒரு ஆரஞ்சு நிறத் தொப்பியை மாட்டிவிட்டார்கள். கூட்டத்தில் எங்களை எண்ணுவதற்கு வசதியாம். என் கணவருக்குச் சித்தையன்கோட்டையிலிருந்து வந்த ஒரு விவசாயி சிநேகமாகிவிட்டார். போர்வெல் எத்தனை அடி, தண்ணீர் எத்தனை அடியில் என்று இரண்டு பேரும் விமானத்திலேயே பேச ஆரம்பித்தவர்கள், கோலாலம்பூரில் இறங்கியும் நிறுத்தவில்லை.

ஹோட்டல் அறைக்குள் நுழைந்தபோதே தடுமாற்றம் தொடங்கிவிட்டது. எந்த ஸ்விட்சைப் போட்டாலும் விளக்கு எரியவில்லை. ஏசி ஓடவில்லை. அவர் பெட்டிக்கு அடியிலிருந்து டெஸ்டரை எடுத்தார். வேட்டிக்கும் துண்டுக்கும் நடுவில் அதைச் சுற்றிக் கொண்டுவந்திருந்தது எனக்கு அப்போதுதான் தெரியும். அரை மணி நேரம் சுவரெல்லாம் தடவிப் பார்த்துவிட்டு, "லைன்லயே கரண்ட் வரல. இங்கயும் கட் பண்ணுவாய்ங்க போல" என்றார். அந்த வழியாகத் துண்டு மாற்ற வந்த பெண்மணி ஒருத்தி, எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு, மேசைமேல் கிடந்த அறைச் சாவி அட்டையை எடுத்துக் கதவோரமிருந்த பொந்தில் செருகினாள். எல்லா விளக்கும் ஒரே நேரத்தில் எரிந்தன. டிவியும் பாட ஆரம்பித்தது. அவர் டெஸ்டரைக் கையில் வைத்தபடி கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் காலை பத்துமலை முருகன் கோயில். பழனிக்குப் படியேறிப் போகிறவளுக்கு அந்தப் படிகள் பெரிதில்லை என்று நினைத்துத்தான் ஏறினேன். ஆனால் அந்த ஊர் வெயில் வேறு மாதிரி. உடம்பெல்லாம் ஈரத்துணியைச் சுற்றியது போல் ஒரு புழுக்கம். இறங்கி வரும்போது தலைவலி மண்டையைப் பிளந்தது. அவரும் சித்தையன்கோட்டைக்காரரும் கீழே புறாக் கூட்டத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் போயி பஸ்ல உக்காந்திருக்கேன்" என்றேன்.

"போ, வாரேன்" என்றார், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பஸ்கள் வரிசையாக நின்றன. ஆரஞ்சுத் தொப்பிகள் ஒரு பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். ஏறினேன். மூன்றாவது வரிசையில் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒரு மாத்திரையை விழுங்கிவிட்டு, தொப்பியை முகத்தில் இழுத்துவிட்டுக் கண்ணை மூடினேன். ஏசி குளிர்ச்சியில் எப்போது தூங்கினேன் என்று தெரியவில்லை.

விழித்தபோது பஸ் ஒரு மலையில் ஏறிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் காடு, அதன்மேல் வெள்ளையாக மூடுபனி. அன்று எங்களுக்குச் சொல்லியிருந்தது ஏரிக்கரையில் இருக்கும் ஒரு இளஞ்சிவப்புப் பள்ளிவாசலும் கடைத்தெருவும். சமவெளி ஊர். மலை எங்கிருந்து வந்தது என்று யோசித்தேன். பக்கத்தில் எழுபது வயது இருக்கும் ஒரு அம்மா உட்கார்ந்து ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தார். பார்த்த முகமாக இல்லை.

"ஏனுங்க, எந்திரிச்சிட்டீங்களா? மாத்திர போட்டீங்களே, தலைவலி தேவலீங்களா?" என்று ஒரு சுளையை நீட்டினார்.

பேச்சு எங்கள் பக்கத்துப் பேச்சு இல்லை. திரும்பிப் பார்த்தேன். பஸ் நிறைய ஆரஞ்சுத் தொப்பி, ஒன்றின் கீழும் தெரிந்த முகம் இல்லை. எனக்கு முதலில் தோன்றியது என்ன தெரியுமா? இவர்களெல்லாம் தவறி எங்கள் பஸ்ஸில் ஏறிவிட்டார்கள் என்று.

"நீங்க எந்த ஊரு? எப்ப இந்த பஸ்ல ஏறுனீங்க?" என்று கொஞ்சம் அதட்டலாகவே கேட்டேன். வகுப்பறைக் குரல்.

"ஒட்டன்சத்திரமுங்க. முந்தாநேத்திருந்து இதே பஸ்ஸுலதானுங்க வாரோம். நீங்க?"

எங்கள் சுற்றுலா ஏற்பாட்டாளர்களே ஒட்டன்சத்திரத்திலிருந்தும் ஒரு குழுவைக் கூட்டி வந்திருக்கிறார்கள். அதே தொப்பி, அதே நிறத்துப் பஸ். பஸ் மாறி ஏறியது நான்தான். அந்த பஸ்ஸின் வழிகாட்டி உள்ளூர்த் தமிழர், அந்த ஊர் வழக்கப்படி பேச்சின் முடிவில் ஒரு 'லா' போடுகிறவர். எழுந்து போய் அவரிடம் சொன்னேன். அவர் நிதானமாகத் தொப்பிகளை எண்ணினார்.

"நாற்பத்தொண்ணு. எண்ணிக்கை சரியாத்தான் இருக்கு லா. நீங்க தூங்கி எந்திரிச்ச குழப்பத்துல இருக்கீங்க. உக்காருங்கம்மா."

ஒரு கணம் நானே நம்பிவிட்டேன். அவர் அவ்வளவு தெளிவாக இருந்தார், எனக்கு மாத்திரை மயக்கம். உட்காரக்கூடப் போனேன். ஆரஞ்சுப் பழ அம்மாதான் விடவில்லை. "பேரக் கூப்புட்டுப் பாருங்க தம்பி" என்றார். கூப்பிட்டார்கள். ஒரு பெண்ணின் பெயருக்கு யாரும் குரல் கொடுக்கவில்லை. இரண்டாம் முறை கூப்பிட்டும் இல்லை. அந்தப் பெண் தனியாக வந்தவர், கூட உறவென்று யாரும் இல்லை என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார். அவர் இடத்தில்தான் நான் உட்கார்ந்திருந்தேன்.

என் போன் ஹோட்டல் வைஃபையில் மட்டும்தான் வேலை செய்யும். கணவரின் எண் அதில் இருந்தது. வழிகாட்டியின் போனிலிருந்து அழைத்தேன், எடுக்கவில்லை. அந்த வழிகாட்டி எங்கள் பஸ்ஸின் வழிகாட்டிப் பெண்ணைக் கூப்பிட்டார். அவளும் எண்ணிப் பார்த்துவிட்டு, "இங்க முப்பத்தெட்டும் இருக்காங்க, யாரும் காணாமப் போகல" என்றாள். இங்கே எண்ணிக்கை சரி, அங்கேயும் சரி. அப்படியானால் போனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்கும் நான் யார் என்று எனக்கு விளங்கவில்லை. "என் வீட்டுக்காரர்கிட்டக் கொஞ்சம் குடும்மா" என்றேன்.

அவர் குரல் வந்தது. "சொல்லு."

"என்னங்க, நான் பேசுறேன்."

"தெரியுது. முன்னாடி உக்காந்துக்கிட்டு எதுக்குப் போன்ல பேசுற? எந்திரிச்சுப் பின்னால வாயேன்."

"நான் அங்க இல்லீங்க. மலைமேல போய்க்கிட்டு இருக்கேன்."

பஸ்ஸுக்குள் அவர் முன்னால் நடந்து போகும் சத்தம், யாரிடமோ "மன்னிச்சுக்கங்கம்மா" என்று சொல்வது, பிறகு லைன் அறுந்துவிட்டது.

நடந்தது இதுதான். அவரும் சிநேகிதரும் நடுக்கதவு வழியாக ஏறிப் பின்னால் உட்கார்ந்துவிட்டார்கள். முன்வரிசையில் ஒரு ஆரஞ்சுத் தொப்பி சாய்ந்து தூங்கியது. நான்தான் என்று இருந்துவிட்டார். ஒன்றரை மணி நேரம்.

திரும்பிப் போக வழி இல்லை, சாயங்காலம் இரண்டு குழுவுக்கும் ஒரே இடத்தில்தான் சாப்பாடு, அங்கே சேர்ந்துகொள்ளலாம் என்றார் வழிகாட்டி. பஸ் நின்றதும் எல்லாரும் ரோப் காருக்கு வரிசையில் நின்றார்கள். எனக்கு அழுகை வரும்போல இருந்தது.

"வந்தது வந்துட்டீங்க, ஏறுங்க கண்ணு. கீழ நின்னு என்ன பண்ணப் போறீங்க?" என்று அந்த அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

ஏறினேன். பெட்டியின் தரை கண்ணாடி. காலுக்குக் கீழே மரங்களின் உச்சி தெரிந்தது, பிறகு மூடுபனிக்குள் போனதும் ஒன்றுமே தெரியவில்லை. மேலும் வெள்ளை, கீழும் வெள்ளை. அந்த அம்மா பயத்தில் "முருகா, முருகா" என்றவர், நடுவில் என்ன நினைத்தாரோ கெக்கெக்கே என்று சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. நிறுத்தவே முடியவில்லை. மேலே குளிர். அவர் சால்வையின் ஒரு பாதியை என்மேல் போர்த்திவிட்டார். கப்பில் விற்ற சூடான நூடுல்ஸை இரண்டு பேரும் உறிஞ்சிச் சாப்பிட்டோம். அவர்கள் கூட்டத்தில் யாருக்கும் நான் டீச்சரில்லை, பம்பு கடைக்காரர் சம்சாரமுமில்லை. என்னிடம் யாரும் பையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லவில்லை, மாத்திரை எங்கே என்று கேட்கவில்லை. அந்த ஐந்து நாளில் எனக்கு மிகப் பிடித்த பொழுது அதுதான். அப்படி இருந்ததற்கு வெட்கப்பட வேண்டுமா என்று இப்போதும் தெரியவில்லை.

"வீட்டுக்காரரு உங்களத் தேடித் தவிச்சுப் போயிருப்பாருங்களே" என்றார் அந்த அம்மா.

"தெரியலம்மா" என்றேன். உண்மையாகவே தெரியவில்லை.

சாயங்காலம் சாப்பாட்டுக் கடை வாசலில் இரண்டு பஸ்ஸும் நின்றன. என் இடத்தில் போயிருந்த பெண்ணைப் பார்த்தேன். என் வயதுதான், என் உயரம்தான். ஒன்றும் நேராதது போல் சிரித்த முகமாக என்னிடம் வந்தார்.

"உங்க வீட்டுக்காரரு முறுக்குக் குடுத்து உட்டாருங்க. பின்னாலிருந்து கை மாத்திக் கை மாத்தி வந்துச்சு. எனக்கு ஆரு குடுத்து உடப் போறாங்கன்னு யோசிச்சுக்கிட்டே தின்னேனுங்க. நல்ல முறுக்கு."

"பஸ் மாறுனது உங்களுக்குத் தெரியலையா?"

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கொஞ்ச நேரத்துலயே தெரிஞ்சுதுங்க. சொன்னா எறக்கி உட்டுருவாங்களோன்னு பேசாம இருந்துட்டேன். அங்கயும் என்னைய ஆருங்க தேடப் போறாங்க?"

அவரிடம் கோபப்படுவதா, கையைப் பிடித்துக்கொள்வதா என்று எனக்குத் தெரியவில்லை. பிடித்துக்கொண்டேன். உள்ளங்கை சில்லென்று இருந்தது.

என் கணவர் நாலடி தள்ளி நின்றார். தொப்பியைக் கழற்றிக் கையில் சுருட்டி வைத்திருந்தார். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சாப்டியா?" என்றார்.

"நூடுல்ஸ் சாப்புட்டேன்."

"அது வயித்துக்குப் பத்தாதே. வா, சோறு இருக்கு" என்று உள்ளே நடந்தார்.

அறைக்கு வந்ததும் கேட்டேன். "ஒன்றரை மணி நேரத்துல ஒரு தடவகூட எந்திரிச்சு வந்து பாக்கத் தோணலையா?"

"பாக்காம என்ன? பாத்துக்கிட்டேதான் வந்தேன். தலவலியோட தூங்குறியேன்னு எழுப்பல. பசிக்குமேன்னு முறுக்குக் குடுத்து விட்டேன்."

இதற்கு மேல் என்ன கேட்பது? அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார். என்னைத்தான் எழுப்பாமல் விட்டிருக்கிறார். பார்க்கப்பட்டது மட்டும் வேறு ஒருவர். அவர்மேல் குற்றம் சொல்ல நினைத்தால் அன்பாகப் படுகிறது, அன்பென்று நினைத்தால் மனசு சுருக்கென்கிறது. மறுநாளிலிருந்து ஊர் திரும்பும் வரை பஸ்ஸில் என் பக்கத்திலேயே உட்கார்ந்தார். பேச ஆளில்லாமல் தவித்துவிட்டு, சித்தையன்கோட்டைக்காரர் இருந்த பக்கம் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

போன மாதம் அகரத்தில் என் சித்தப்பா மகன் புது வீட்டுக்குப் பால் காய்ச்சினான். சாப்பாடு முடிந்ததும் வழக்கம்போலக் கதையைக் கேட்டார்கள், அவரும் வழக்கம்போல ஆரம்பித்தார். ஆனால் அன்றைக்குப் புதிதாக ஒன்று சொன்னார்.

"லைன் கட்டானதும் எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. பஸ்ஸ நிப்பாட்டச் சொல்லிட்டு ரோட்டோரத்துல எறங்கி நின்னுட்டேன். செத்த நேரம் ஏறவே முடியல."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை நாளில் ஒரு தடவைகூட அவர் இதை என்னிடம் சொன்னதில்லை. கூட்டத்துக்காகக் கதையில் சேர்த்துக்கொண்டாரா, இல்லை அவ்வளவு பேர் நடுவில்தான் அவரால் அதைச் சொல்ல முடிந்ததா? சித்தையன்கோட்டைக்காரருக்கு ஒரு போன் போட்டால் தெரிந்துவிடும். போட மனசு வரவில்லை.

வெயில் சாய்ந்ததும் கிளம்பினோம். தாடிக்கொம்பு தாண்டி வண்டி திண்டுக்கல் ரோட்டில் போய்க்கொண்டிருந்தது. பின்னால் உட்கார்ந்து அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தவள், குனிந்து அவர் காதோரம் கேட்டேன்.

"ஏங்க, நெசமாவே எறங்கி நின்னீங்களா?"

எதிரே லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"என்னது? எறங்கணுமா? வண்டிய நிப்பாட்டவா?" என்று வேகத்தைக் குறைத்தார்.

"இல்லங்க, போங்க" என்றேன்.