கோணல் அறையும் பதினேழு பெட்டிகளும்

கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடியில் எங்கள் வீடு. காணி கோணலானது. கட்டியவர் ஓர் அங்குலத்தையும் விட மனமில்லாமல் எல்லையை ஒட்டியே சுவரை எழுப்பிவிட்டார். அதனால் எங்கள் கடைசி அறையின் இடப்பக்கச் சுவர் சரிந்து ஓடுகிறது. வாசலடியில் கையை விரித்தால் இரண்டு சுவரும் தட்டுப்படும். யன்னலடிக்குப் போனால் ஏழரை அடி அகலம். யன்னலால் ரயில் பாதையும் அதற்கப்பால் ஒரு துண்டுக் கடலும் தெரியும். வீட்டிலேயே நல்ல வெளிச்சம் அங்கேதான். அந்த வெளிச்சத்தை நான் இருபத்தைந்து வருடங்களுக்கு மேலாகப் பெட்டிகளுக்குக் கொடுத்து வைத்திருந்தேன்.

பெட்டிகள் எங்களுடையவை அல்ல. முதலாவது என் தம்பியுடையது. வெளிநாடு போகிறபோது ஒரு றங்குப்பெட்டியைக் கொண்டுவந்து, "ஆறு மாதம் அண்ணை, இடம் பிடிச்சவுடன எடுப்பிக்கிறன்" என்றான். பிறகு மச்சாள் குடும்பம் போனது. பிறகு பக்கத்து வீட்டுக்காரர், அவர்களைத் தெரிந்தவர்கள். யுத்தம் நடந்த அந்த நாட்களில் வெள்ளவத்தையில் எல்லாருக்கும் இப்படி ஒரு வீடு தேவைப்பட்டது. "உங்கட வீட்டிலதான் நம்பி வைக்கலாம்" என்று அவர்கள் சொல்லும்போது எனக்கு நெஞ்சு நிமிரும். இல்லை என்று ஒருவருக்கும் சொன்னதில்லை. பதினேழு பெட்டிகள் சேர்ந்தன. யன்னலின் கீழ்ப்பாதி மறைந்துபோனது.

என் மனைவியின் தையல் மெசின் அறைகளுக்குப் போகும் ஒடுங்கிய ஓடையில், குளியலறைக் கதவுக்குப் பக்கத்தில் நின்றது. பகலிலும் லைட் போட்டுத்தான் தைப்பாள். யாராவது குளிக்கப் போனால் எழுந்து கதிரையை மடித்து வழிவிட வேண்டும். ஆரம்பத்தில் ஒரு தடவை கேட்டாள். "யன்னலடியில இருந்து தைச்சா கண்ணுக்குச் சுகமாயிருக்கும்" என்றாள். நான் சொன்ன பதிலை மறைக்க விரும்பவில்லை. "நாட்டை விட்டு ஓடுற சனத்துக்கு ஒரு பெட்டி வைக்க இடமில்லை, உமக்கு மெசின் பெரிசாப் போச்சோ?" என்றேன். அவள் "சரி" என்றாள். அதன் பிறகு கேட்கவேயில்லை. அவளுக்கு அதில் குறையொன்றுமில்லை என்று நான் எடுத்துக்கொண்டேன். எனக்கு அது வசதியாக இருந்தது.

போன வருடம் அவளுக்குக் களுபோவில ஆஸ்பத்திரியில் முழங்கால் சத்திரசிகிச்சை நடந்தது. வோக்கரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். வரவேற்பறை வரை நன்றாக வந்தாள். ஓடையில் மெசின் மறித்தது. வோக்கரின் கால் மெசினின் இரும்புக் காலில் இடித்து நின்றது. குளியலறைக்குப் போக வேறு வழியில்லை.

அவள் மெசினைக் கொஞ்சநேரம் பார்த்தாள். "உந்த மெசினை ஆருக்கும் குடுத்துவிடுங்கோ" என்றாள். "இனி நான் தைச்சு ஆர் போடப்போகினம்?"

முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை. திறந்திருந்த கோணல் அறை இரண்டடி தள்ளித்தான் இருந்தது. பெட்டிகள் கண்முன்னே தெரிந்தன. அவற்றை எடுங்கள் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. என்னிடம் அதைக் கேட்பதைவிடத் தன் மெசினை விட்டுவிடுவது அவளுக்குச் சுலபமாக இருந்தது. நான் அன்றைக்குத்தான் வெட்கப்பட்டேன்.

"மெசின் எங்கயும் போகாது" என்றேன். "அந்த அறையில வைப்பம்."

"பெட்டியளுக்கு மேலயோ?" என்றாள்.

நான் நில அளவை வரைபடங்கள் வரைந்தே ஓய்வு பெற்றவன். அளவு நாடாவும் கட்டத்தாளும் எடுத்துக்கொண்டு இரண்டு நாள் இருந்தேன். சுவரின் சரிவை அளந்தேன். மூலையில் மேலிருந்து கீழே போகும் தண்ணீர்க் குழாயை அளந்தேன். பதினேழு பெட்டிகளையும் நீளம், அகலம், உயரம் என்று அளந்தேன். இரண்டு பக்கமும் முகடு வரை தட்டுகள், நடுவில் ஒன்றரை அடி வழி, முடிவில் யன்னலடியில் மெசின். தாளில் பார்க்க அழகாக இருந்தது.

கொட்டாஞ்சேனையில் இருந்து தச்சு வேலை செய்யும் பாஸ் ஒருவர் வந்தார். தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வடிவான பிளான் சேர்" என்றார். "மெடம் எந்தப் பக்கத்தால உள்ளுக்கு வாறது?"

ஓடையில் நின்ற வோக்கரை அவரே நாடாவால் அளந்து காட்டினார். இரண்டடிக்கு மேல். நான் எல்லாவற்றையும் அளந்திருந்தேன், அவளை அளக்கவில்லை. பிழை எங்கே என்று கேட்டால், அதுதான். மெசினுக்கு இடம் கொடுக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே ஒரு பெட்டியையும் வெளியே விட எனக்கு மனம் வரவில்லை.

கட்டிலில் இருந்த மனைவி எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். "பாஸ், ஐயாட்டச் சொல்லுங்கோ, என்னையும் மடிச்சு ஒரு தட்டில வைக்கலாமெண்டு" என்றாள். பாஸ் வாய்விட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன், ஆனால் சுட்டது.

அன்று பின்னேரமே தம்பிக்கு அழைத்தேன்.

"அண்ணை, அந்தப் பெட்டி இன்னும் கிடக்கோ?"

"கிடக்கு."

"அதுக்குள்ள என்ன இருக்கு?"

"உன்ர பெட்டியடா, என்னட்டைக் கேக்கிறாய்?"

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு, "அண்ணி ஏசாமலோ இவ்வளவு காலமும் வைச்சிருந்தவா?" என்றான். பெட்டியை என்ன செய்வது என்று மட்டும் கேட்டேன். "எறியுங்கோ அண்ணை. இல்லாட்டி ஆருக்கும் குடுங்கோ."

மற்றவர்களுக்கும் அழைத்தேன். ஒருவரும் பெட்டியைத் திருப்பிக் கேட்கவில்லை. இரண்டு பேர் பெட்டி வைத்ததையே மறந்திருந்தார்கள். ஒருத்தி மட்டும் தன் பள்ளிக்கூடச் சான்றிதழ்களைக் கேட்டாள். அவற்றைத் தபாலில் அனுப்பினேன். மீதியில் துருப்பிடித்த பாத்திரங்களும் உப்புக்காற்றில் ஒட்டிப்போன புகைப்படங்களும் ஒரு மின்விசிறியின் இறக்கைகளும் இருந்தன. போத்தல், பேப்பர் எடுக்கிறவர் லிப்டில் மூன்று தடவை ஏறி இறங்கினார். தம்பியின் பெட்டியில் பூப்போட்ட சீத்தைத் துணி ஒரு கட்டு இருந்தது. மடிப்புகளில் வெளிறியிருந்தது. மனைவி அதை விரித்துப் பார்த்து, "உதை எறிய வேண்டாம்" என்றாள்.

இரண்டாவது பிளானை அவளைக் கதிரையில் இருத்தி வைத்துக்கொண்டு போட்டேன். உள்ளுக்குத் திறந்து இடத்தைத் தின்ற கதவைக் கழற்றி, பக்கவாட்டில் இழுக்கிற கதவு வைத்தோம். சரிந்த சுவரோடு ஓர் அலுமாரி: வாசலடியில் ஒரு சாண் ஆழம், போகப்போக ஒன்றரை அடி. முன்பக்கம் நேராக நிற்பதால் உள்ளே வருகிறவருக்குச் சுவர் கோணல் என்றே தெரியாது. ஆழம் குறைந்த தட்டுகளில் நூல், பொத்தான், மருந்து. ஆழமானவற்றில் விரிப்புகள். அவள் கைக்கு எட்டாத உயரத்தில் தட்டே இல்லை. யன்னலை ஒட்டிய நாலடி முழுவதும் வெறுமை, அங்கே மெசின். அதன் கீழே இழுக்கிற லாச்சி வேண்டாம், கால் நீட்ட இடம் வேண்டும் என்றாள். நோகாத காலால் மிதிக்கலாம், நோகிற காலை நீட்டிக்கொள்ளலாம். தண்ணீர்க் குழாயைப் பலகையால் மூடி, அதில் நூல்கட்டைகள் கொழுவ ஆணிகள் அடித்தார் பாஸ்.

கதிரையின் உயரத்துக்காக அவள் முழங்காலில் இருந்து தரை வரை அளந்துகொண்டிருந்தபோது, குனிந்தபடியே சொன்னேன்: "நான் பிழை விட்டிட்டன்."

"எதில? அளவிலயோ?"

"இல்லை. அண்டைக்கு நீர் யன்னலடியைக் கேட்டபோது, நான் சொன்னதில."

மறந்திருப்பாள் என்று ஒரு கணம் நம்பினேன். "ஓம்" என்றாள். "பெரிசாத்தான் சொன்னீங்கள்." பிறகு, "நாடாவை எடுங்கோ, கால் விறைக்குது."

அலுமாரிக்குக் கதவு போடவில்லை. கடல் காற்றுக்குக் கதவுப் பிணைச்சல் துருப்பிடித்து ஒரு வருடமும் நில்லாது என்று பாஸ் சொன்னார். அந்தச் சீத்தைத் துணியில் வெளிறிய இடங்களை வெட்டி நீக்கி, அவள் திரைச்சீலை தைத்தாள். அந்த மெசினில், அந்த யன்னலடியில் முதலில் தைத்தது அதுதான். இப்போது காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு அங்கே போய்விடுவாள். ரயில் போகும்போது தைப்பதை நிறுத்திப் பார்ப்பாள். தேநீர் கொண்டுபோனால், "ஓரமா வையுங்கோ, துணியில ஊத்தாதேங்கோ" என்பாள். எனக்கு அந்த அதட்டல் நன்றாக இருக்கிறது.

போன மாதம் கீழ் வீட்டுக்காரர் வந்தார். மகளிடம் ஒஸ்ரேலியாவுக்குப் போகிறார்களாம். கையில் கயிறு கட்டிய ஒரு பெட்டி. "ஆறு மாதம்தான் அண்ணை. உங்கட வீட்டிலதான் நம்பி வைக்கலாம்."

'வையுங்கோ' என்ற சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அறைக்குள் மெசின் சத்தம் நின்றது. ரயில் ஒன்றும் போகவில்லை.

"இடமில்லை" என்றேன். பெட்டியோடு வந்த ஒருவருக்கு அதை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அவருக்கு முகம் சுருங்கிப்போனது. எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. வேறு என்ன உதவி வேண்டும் என்று கேட்டு, லிப்ட் வரை அவரோடு நடந்துபோய் அனுப்பிவிட்டு வந்தேன்.

கதவைச் சாத்திய பிறகுதான் மெசின் திரும்பவும் ஓடத் தொடங்கியது.