ஸ்டேஷன் அக்கா கொடுத்த வாக்கு

காவல் நிலையத்தில் அவளுக்கு மொழிபெயர்க்கிற வேலை. சுற்றியிருந்த தெருக்களில் நாலைந்து மொழிக்காரர்கள் குடியிருந்தார்கள். அவளுக்கு மூன்று மொழிகள் சரளமாக வரும். நான்காவதில் சண்டை போடும் அளவுக்குத் தெரியும். இளவட்டங்கள் அவளை 'ஸ்டேஷன் அக்கா' என்றார்கள். அது பாசமா கேலியா என்று அவளுக்குப் பிடிபட்டதே இல்லை.

போலீசும் இளைஞர்களும் பழகட்டும் என்று மேலிடம் மாதாமாதம் கூட்டம் நடத்தச் சொல்லியிருந்தது. வீடு வீடாக ஏறி இறங்கி ஆள் சேர்த்தது அவள்தான். ஆரம்பத்தில் இன்ஸ்பெக்டர் சுவருக்குத்தான் பேசினார். வருஷம் ஒன்று ஓடியபின் பிள்ளைகள் வந்தார்கள், வாயும் திறந்தார்கள்.

"வேலை முடிஞ்சு வர்றப்ப எங்களை மட்டும் ஏன் சார் நிறுத்துறீங்க?" என்று ஒருவன் அவள் மூலமாகக் கேட்டான். பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிறவன், இருபது வயது. இன்ஸ்பெக்டர் மழுப்பினார். ஆனாலும் கேட்டானே என்று அவளுக்குச் சந்தோஷம்.

பிறகு ஒருநாள் மருந்துக்கடைக் கண்ணாடியை யாரோ கல்லால் உடைத்துவிட்டு ஓடினார்கள். பார்சல் பையன் அப்போது எதிர்வாசலில் நின்றிருந்தான்.

"சாட்சியாத்தான் கூப்பிடுறோம். பார்த்ததைச் சொல்லிட்டுப் போகட்டும்" என்றார் இன்ஸ்பெக்டர்.

அவளே அவன் வீட்டுக்குப் போனாள். துணி மடித்துக்கொண்டிருந்த அவன் அம்மா நிமிரவில்லை.

"போனா திரும்பி வருவானா?"

"நான் கூடவே இருக்கேன்க்கா. என்னை நம்பி அனுப்புங்க."

அவளும் பையனும் ஸ்டேஷனுக்குப் போனபோது இன்ஸ்பெக்டர் நீதிமன்றத்துக்குக் கிளம்பியிருந்தார். அவர் இடத்தில் சப்-இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருந்தார். எடுத்த எடுப்பில் பையனின் போனை வாங்கி இழுப்பறையில் போட்டார். அங்கே ஏன் நின்றாய், கூட யார், யாருக்காகக் காத்திருந்தாய் என்று கேள்விகள் கோணலாக வந்தன. ஒவ்வொன்றையும் அவள்தான் பையனின் மொழியில் சொல்லவேண்டியிருந்தது. அவனோ சப்-இன்ஸ்பெக்டரைப் பார்க்காமல் அவளையே பார்த்துப் பதில் சொன்னான். கல்லை எங்கே எடுத்தாய் என்று வந்தபோது அவளுக்கு நாக்கு புரளவில்லை.

"இவன் சாட்சி சார். இதை நான் கேக்க மாட்டேன்."

"நாங்க சொல்றதைச் சொல்றதுதாம்மா உங்க வேலை. யோசிக்கிறது எங்க வேலை."

"அப்ப யோசிங்க சார்!"

அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டார். பொழுது சாய்ந்தபின் பையனை விட்டார்கள். போன் பரிசோதனைக்கு வேண்டுமாம்.

வாசலில் அவன் சொன்னான்: "அவர் கேட்டதா நீங்க கேட்டதான்னே தெரியலக்கா. உங்க குரல்தான் காதுல விழுந்துச்சு."



போனில்தான் அவனுக்கு வேலையே வரும். போன் இல்லாமல் போகவே, அவன் இடத்துக்கு வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். அவள் தினமும் இன்ஸ்பெக்டர் அறைக்கு நடையாய் நடந்தாள்.

"நான் இருந்திருந்தா இப்படி விட்டிருக்க மாட்டேன்மா" என்றார் அவர், நிஜமான வருத்தத்தோடு.

"நீங்க இல்லாதப்பவும் இது உங்க ஸ்டேஷன்தானே சார்? நீங்களே போய்க் குடுங்க. சாதாரண சட்டையில வாங்க."

ஒருவழியாகப் போன் கிடைத்தது, அவரும் வந்தார். ஆனால் சீருடையில், ஜீப்பில், இரண்டு காவலர்களோடு. தெருவில் ஜன்னல்கள் படபடவென்று சாத்தப்பட்டன. அவள் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. இன்ஸ்பெக்டர் கதவோரம் நின்று தாழ்ந்த குரலில், "மன்னிச்சுக்கப்பா" என்றார். அது பையனுக்கும் அவன் அம்மாவுக்கும் மட்டும் கேட்டது. ஜீப்பைத் தெருவே பார்த்தது.

அடுத்த கூட்டத்துக்கு வந்தவர்கள் இரண்டே பேர். அவர்களும் போனை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார்கள்.

கண்ணாடியை உடைத்தவன் இன்றுவரை அகப்படவில்லை. பார்சல் பையன் ஒரு கிடங்கில் மூட்டை தூக்கப் போகிறான்; அவளைக் கண்டால் எதிர்ப்பக்கம் கடந்துவிடுகிறான். இப்போதெல்லாம் யாரை அழைத்து வந்தாலும் வாசலிலேயே நிறுத்தி, "சாட்சியாவா, சந்தேகத்துலயா கூப்பிட்டீங்கன்னு முதல்ல கேளு. வீட்டு ஆளையும் கூட வச்சுக்கோ" என்று சொல்லித்தான் உள்ளே விடுகிறாள். அதற்காக மேலிடம் விளக்கம் கேட்டிருக்கிறது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

"விட்டுத் தொலையேன் அந்த வேலையை" என்றார் கணவர்.

"விட்டுட்டா? அந்த சப்-இன்ஸ்பெக்டர் முன்னாடி இந்தப் பசங்களுக்காக யாரு பேசுவா, நீங்களா?"

 அன்று பூராவும் அவள் கையில் பாத்திரங்கள்தான் அடி வாங்கின.