எல்லோருக்கும் அஞ்சு எச்.பி. மோட்டார்

எங்கள் வளவில் ஏழரை எச்.பி. மோட்டார் வைத்திருப்பவர்கூட யார் கேட்டாலும் அஞ்சு என்றுதான் சொல்வார். அனுமதி அஞ்சுக்குத்தான் என்பதால் கரண்ட் ஆபீசுக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிய பொய்.

எருமப்பட்டியைத் தாண்டிய இந்த வளவின் எல்லா வீடுகளுக்கும் பொதுவாக சோலாரும் பேட்டரியும் வைக்க வந்த இஞ்சினியரிடமும் அதையே சொன்னார்கள். மெயின் லைன் போனால் என்னென்ன ஓட்டுவீர்கள் என்று அவர் வீடு வீடாகக் கேட்டார். மோட்டாரே போட மாட்டோம் என்றும் சிலர் சொன்னார்கள். அந்தக் கணக்குக்குத்தான் பேட்டரி வந்தது. குஞ்சு பொரிக்கும் இன்குபேட்டர் ஒரு நேரமும் நிற்கக் கூடாது என்று நான் சொன்னேன். எனக்கு அதுதான் பிழைப்பு.

சித்திரையில் மழையில்லாத வெறும் காற்றில் லைன் அறுந்தது. பொழுது சாய்ந்ததும் சுற்றிலும் மோட்டார் சத்தம். அடுப்பில் சோறு வேகுமுன் பேட்டரி தீர்ந்துபோனது. இன்குபேட்டர் நிறைய நாட்டுக்கோழி முட்டை, பொரியும் தறுவாயில் இருந்தவை. போர்வையால் மூடினேன், வெந்நீர்ப் பாட்டில்களை அடுக்கினேன். விடிந்தும் கரண்ட் வரவில்லை. ஒன்றை உடைத்துப் பார்த்தேன். அலகு வந்து, மயிர் முளைத்து, முழுக் குஞ்சு செத்துக் கிடந்தது. மற்றவற்றை உடைக்காமலே குழியில் கொட்டினேன்.

அடுத்த வாரக் கூட்டத்தில் பேட்டரி டூப்ளிகேட் என்று இஞ்சினியரை ஏசினார்கள். சரியான கணக்கைச் சொன்னால் திட்டத்தையே மாற்றிப் போடலாம் என்றார் அவர். முதலில் எழுந்தவர் என் வீட்டுக்காரரின் அண்ணன். அஞ்சுதான் என்றார், கூசாமல்.

அவர் முன்னால் நான் வாய் திறந்ததே இல்லை. அன்றைக்குப் பொறுக்கவில்லை.

“ஏழரைங்க. போன மாசம் காயில் கட்டக் கொண்டுபோனப்ப நானுந்தான் ஒரு கை புடிச்சு டெம்போவுல ஏத்துனேன், தகட்டுலயே ஏழரைன்னு போட்டிருந்துச்சு.”

“முட்டை போன வயித்தெரிச்சல்ல பேசுது,” என்றார், என்னைப் பார்க்காமல்.

“ஆமாங்க, வயித்தெரிச்சல்தானுங்க. என்ற முட்டைக்கு வெச்ச கரண்டத்தான உங்க மோட்டாரு குடிச்சுது.”

கோழிக்காரி இஞ்சினியர் ஆகிவிட்டாள் என்று பின்னால் யாரோ சிரித்தார்கள். வேறு யாராவது உண்மையைச் சொல்வார்களா என்று இஞ்சினியர் காத்திருந்தார். ஒருவரும் சொல்லவில்லை. அப்படியென்றால் மெயின் லைன் போன நேரத்தில் மோட்டாருக்குப் பகல் வெயில் மட்டும், பேட்டரி வீடுகளுக்கும் இன்குபேட்டருக்கும் என்று லைனைப் பிரித்துவிட்டுப் போனார்.

இப்போது குழாயடியில் என்னோடு யாரும் பேசுவதில்லை. ராத்திரி மோட்டாரை நான் பிடுங்கிக்கொண்டேனாம். நீ கொஞ்சம் பொறுத்திருக்கலாம் என்கிறார் வீட்டுக்காரர். எதற்காகப் பொறுத்திருக்க வேண்டும் என்று கேட்டால், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அண்ணன் தோட்டத்துக்கு மடை மாற்றக் கிளம்பிவிடுகிறார்.